நுவரெலியாத் தேர்தற்றொகுதி: தலைக்கணக்கும் வாக்குக்கணக்கும்

மலையகத்தில் தோன்றி மறைந்தவை பல. உடப்புசல்லாவைப் பகுதித் தோட்டங்களின் தேயிலையை ஏற்றிச் செல்வதற்காக நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை ஊடாக இராகலை வரை அமைக்கப்பட்ட ஒடுங்கிய புகையிரதப் பாதை அவற்றுள் ஒன்று. 1903, 1904 ஆம் ஆண்டுகளில் திறக்கப்பட்ட அப்பாதை 1940களில் கைவிடப்பட்டது. பாதை போன தடத்தைச் சுட்டிக் காட்டலாம். அது எதனை ஏற்றிச் சென்றது என்று சொல்லலாம். அதே தசாப்தத்தின் முடிவில் இம்மக்களிடமிருந்து பறிபோன மற்றொன்றுக்கோ கண்ணுக்குத் தெரியும் தடம் எதுவுமில்லை. அதுவே நுவரெலியாத் தேர்தற்றொகுதியில் அவர்களுக்கிருந்த வாக்கு.

நுவரெலியா என்னும் பெயரில் 1947 முதல் 1977 வரையும், நுவரெலியா-மஸ்கெலியா என்னும் இணைப்புப் பெயரில் 1977 முதல் 1989 வரையும் இலங்கைப் பாராளுமன்றத்துக்கு உறுப்பினரை அனுப்பிய இத்தொகுதியின் வரலாற்றையே ஈண்டு நோக்குகின்றோம். அயற்றொகுதிகளாகிய தலவாக்கலை, கொட்டகலை, மஸ்கெலியா ஆகியவற்றை விடுத்து இதனைத் தனியே பேசுதல் இயலாது. ஒரு தொகுதியின் வரலாறு என்றால் வென்றவர் பெயரும் பெற்ற வாக்கும் கொண்ட அட்டவணை என்றே பலரும் கருதுவர். அவ்வட்டவணைக்கு முந்திய வினா ஒன்றுண்டு. தொகுதியின் எல்லையை வரையும்போது யாரை எண்ணினார்கள், வாக்குச்சீட்டைக் கொடுக்கும்போது யாரை எண்ணினார்கள் என்பதே அது. இவ்விரு கணக்குகளும் ஒன்றாக இருந்த காலம் இத்தொகுதியின் வாழ்வில் மிகக் குறுகியது.

1931 க்கு முன்னர் இலங்கையில் வாக்குரிமை பெற்றிருந்தோர் சனத்தொகையில் நூற்றுக்கு நால்வர் அளவினரே. டொனமூர் அரசியற்றிட்டம் அவ்வாண்டில் சர்வசன வாக்குரிமையை வழங்கியது. ஆயினும் தோட்டத் தொழிலாளரைப் பொறுத்தவரை அது நிபந்தனையின்றி வந்த உரிமையன்று. டொனமூர் ஆணைக்குழு ஐந்தாண்டு வதிவே போதுமென்று கூறியிருந்தது. அதற்குச் சட்ட நிரூபண சபையில் கிளம்பிய எதிர்ப்பின் விளைவாக, இந்நாட்டையே நிலையான வதிவிடமாகக் கொண்டோர், கல்வி அல்லது சொத்துத் தகைமை உடையோர், நிலையாகக் குடியேறியமைக்கான அத்தாட்சிப் பத்திரம் பெற்றோர் என்னும் மூவகையினருள் அடங்குவோருக்கே வாக்கு என்றாயிற்று. இவற்றுள் மூன்றாவது வகையினர், அரசாங்கத்திடமிருந்து வேறு சில பாதுகாப்புகளைக் கோருவதில்லை என்று ஒப்ப வேண்டியிருந்தது.

இத்தனை வேலிகளையும் கடந்து 1931 இல் ஏறத்தாழ 1 இலட்சம் இந்தியத் தமிழர் வாக்காளராகப் பதியப்பட்டனர். 1939 அளவில் இத்தொகை 2 இலட்சத்து 25 ஆயிரமாக உயர்ந்தது. பின்னர் பதிவு முறையை இறுக்கியமையால் 1943 இல் 1 இலட்சத்து 68 ஆயிரம் அளவுக்குத் தாழ்ந்தது. இவ்வேற்றத்தாழ்வை வாசகர் மனங்கொள்ளுதல் வேண்டும். நான்கு ஆண்டுகளில் அரை இலட்சத்துக்கு மேற்பட்ட வாக்காளர் இறந்துபோகவுமில்லை, ஊர் திரும்பவுமில்லை. இடாப்பு எழுதும் விதம் மாறியது, அவ்வளவே. 1949 இல் நிகழ்ந்ததற்கு ஒத்திகை இதுவெனலாம்.

அரசாங்க சபைக் காலத்தில் மலையகத் தமிழர் தம் பிரதிநிதிகளை அனுப்பிய தொகுதிகள் அற்றனும் தலவாக்கலையும். அற்றனிலிருந்து 1931 இல் பெரி சுந்தரம் தெரிவாகித் தொழில், கைத்தொழில், வணிக அமைச்சரானார். 1936 இல் அதே தொகுதியைக் கோ. நடேசையர் வென்றார். தலவாக்கலையில் எஸ். பி. வைத்திலிங்கம் இரு முறையும் தெரிவானார். அக்காலத்து வாக்களிப்பு முறையும் நினைவு கூரத்தக்கது. ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒவ்வொரு நிறப்பெட்டி. எழுத்தறியாதோர் நிறத்தை அறிந்து சீட்டை இடுவர். பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடப்பட்டு, செக்ரோலில் அரைநாளோ முழுநாளோ எனக் குறிக்கப்பட்டு வந்த ஒருவர், துரையும் கங்காணியும் காணாத மறைவில் தாமாகவே ஒரு பெட்டியைத் தெரிவு செய்யும் நிலை முதன்முதலாக ஏற்பட்டது அப்பொழுதுதான். நடேசையரின் துணைவியார் மீனாட்சி அம்மையார் தோட்டந்தோறும் பாட்டுப் பாடிப் பரப்பிய செய்தியும் தொழிலாளரின் உரிமை பற்றியதே.

எனினும் ஊராட்சியில் இந்த நிலை கிட்டவில்லை. 1937 இல் கிராமச் சபைச் சட்டம் திருத்தப்பட்டபோது தோட்டங்களில் வதியும் இந்தியத் தொழிலாளர் கிராமச் சபை வாக்குரிமையிலிருந்து விலக்கப்பட்டனர். தோட்டம் கிராமத்துக்குப் புறம்பானது என்னும் இக்கருத்து மிக நீண்ட ஆயுள் கொண்டது. அதன் பிற்கால வடிவத்தை இறுதியில் காண்போம்.

இனி 1947 க்கு வருவோம். சோல்பரி அரசியற்றிட்டத்தின்படி பாராளுமன்றத்தின் கீழ்ச்சபையில் 101 இடங்கள். இவற்றுள் ஆறு நியமன இடங்கள். எஞ்சிய 95 இடங்களுக்கு உறுப்பினரைத் தெரிவுசெய்ய, 1946 இல் எல்லை நிர்ணய ஆணைக்குழு 89 தொகுதிகளை வகுத்தது. 75,000 மக்களுக்கு ஓரிடமும், அதற்கு மேலாக ஒவ்வொரு 1,000 சதுர மைலுக்கு ஓரிடமும் என்பது அடிப்படை. சதுர மைலுக்கான சலுகை, மக்கள் ஐதாக வாழும் மாகாணங்களுக்கும் அவ்வழியே சிறுபான்மையினருக்கும் உதவும் என்று கருதப்பட்டது. இங்கே எண்ணப்பட்டவர் மக்களேயன்றி வாக்காளர் அல்லர். 1946 குடிசன மதிப்பின்படி இலங்கையில் வாழ்ந்த இந்தியத் தமிழர் 7,80,589 பேர். மொத்தச் சனத்தொகையில் நூற்றுக்குப் பதினொருவருக்கும் மேல். நுவரெலியா மாவட்டத்தில் பாதிக்கு மேற்பட்டோர் அவர்களே. ஆதலின் அம்மாவட்டத்துத் தொகுதிகள் பல உருப்பெற்றமைக்கு லயங்களில் எண்ணப்பட்ட தலைகளே காரணம் என்பது வெளிப்படை.

சோல்பரி ஆணைக்குழுவின் அறிக்கையில் ஒரு மதிப்பீடு இடம்பெற்றுள்ளது. 95 இடங்களில் சிங்களவருக்கு 58, இலங்கைத் தமிழருக்கு 15, இந்தியத் தமிழருக்கு 14, முஸ்லிம்களுக்கு 8 என்பது அம்மதிப்பீடு. டி. எஸ். சேனநாயக்க முன்வைத்த கணக்கு இது. சிறுபான்மையினர்க்குப் புதிய அரசியற்றிட்டம் போதிய காப்பளிக்கும் என்பதற்குச் சான்றாக இது காட்டப்பட்டது. பதினான்கு என்னும் அவ்வெண்ணை நாம் மறவாதிருத்தல் வேண்டும்.

1947 ஆம் ஆண்டுத் தேர்தலில் நுவரெலியாவில் சௌ. தொண்டமானும், தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளையும், கொட்டகலையில் கே. குமாரவேலுவும், மஸ்கெலியாவில் ஜி. ஆர். மோத்தாவும், கண்டி மாவட்டத்தைச் சேர்ந்த நாவலப்பிட்டியில் கே. இராஜலிங்கமும் தெரிவாயினர். இலங்கை இந்தியர் காங்கிரஸின் சார்பில் வென்றவர் எழுவர் என்று மலையக வரலாறு எழுதியோர் கூறுவர். கட்சிவாரியான புள்ளிவிவரங்களிலோ ஆறிடங்களே காணப்படும். எவ்வாறாயினும் பதினான்கில் பாதியே கிடைத்தது. ஆயினும் அப்பாதியின் பொருள் சிறிதன்று. நேரு இலங்கை வந்த 1939 இல் தோன்றிய ஓர் அமைப்பு, எட்டே ஆண்டுகளில் மலைநாட்டின் நடுப்பகுதியைத் தொடர்ச்சியாகத் தன்வசமாக்கிற்று. வென்றவருள் வேலுப்பிள்ளை பூண்டுலோயாவை அடுத்த மடக்கும்புரத் தோட்டத்திற் பிறந்தவர். பின்னாளில் மலையக இலக்கியத்தின் முன்னோடியாகப் போற்றப்பட்டவர். தோட்டத்திற் பிறந்த ஒருவரைத் தோட்டத்தார் தம் வாக்கால் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். அத்தோடு மலைநாட்டின் வேறு பல தொகுதிகளில் தோட்ட வாக்குகள் இடதுசாரி வேட்பாளருக்குச் சென்றன. இதுவே ஆட்சியாளருக்கு அச்சமூட்டியது என்பது நம் கருத்து. இனப்பகையை மட்டும் காரணங் காட்டுவோர், வர்க்கக் கணக்கு ஒன்றும் அதனுள் இருந்ததைக் காணத் தவறுகின்றனர்.

சுதந்திரம் கிட்டிய அதே 1948 இல் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் நிறைவேறியது. அச்சட்டப்படி தந்தையோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இலங்கையிற் பிறந்தவரென்று காட்டல் வேண்டும். பிறப்புப் பதிவு ஒழுங்காக இல்லாத காலத்தில் பிறந்த பாட்டனுக்குச் சான்று தேடுவது எந்த இனத்தவர்க்கும் அரிது. ஆனால் சான்று கேட்கப்பட்டவர் ஓரினத்தவரே. 1949 இல் 3 ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. அதே ஆண்டில் 48 ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம், பிரசை அல்லாதோரை வாக்காளர் இடாப்பிலிருந்து அகற்றியது. இம்மூன்றையும் ஒருங்கு வைத்து நோக்கினாலன்றி நடந்தது விளங்காது. முதலாவது சட்டம் வாக்கைப் பற்றிப் பேசவில்லை. மூன்றாவது இனத்தைப் பற்றிப் பேசவில்லை. தமிழ்க் காங்கிரஸ் இப்பிரச்சினையிற் பிளவுற்றதும், எஸ். ஜே. வி. செல்வநாயகம் முதலியோர் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியை நிறுவியதும் யாவரும் அறிந்தவை.

இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் கேட்ட சான்றுகளைச் சற்று விரித்துரைத்தல் தகும். 1946 சனவரி 1 க்கு முன்னர் மணமானவராயின் ஏழாண்டும், மணமாகாதவராயின் பத்தாண்டும் இடையறாது இந்நாட்டில் வதிந்திருத்தல் வேண்டும். பன்னிரண்டு மாதங்களுக்கு மேற்பட்டு வெளியே தங்கியிருப்பின் வதிவு அறுந்ததாகக் கருதப்படும். தாய் இறந்த செய்தி கேட்டு ஊர் போனவர், மகளின் மணத்தை முடித்து வரத் திருச்சிராப்பள்ளிப் பக்கம் சென்றவர், அம்மை கண்டு திரும்பக் காலந்தாழ்ந்தவர் ஆகிய எல்லோருக்கும் அப்பன்னிரண்டு மாதமே அளவுகோல். வதிவை நிறுவத் தோட்டத்துச் செக்ரோலும் பங்கீட்டுப் புத்தகமும் தேவை. செக்ரோலோ தொழிலாளர் கையில் இல்லை. அது துரையின் கந்தோரில் இருந்தது. ஒருவர் தோட்டம் மாறியிருந்தால் இரண்டு கந்தோர், மூன்று கந்தோர் என அலைய வேண்டும். பெயர் ஒரு புத்தகத்தில் இராமையா என்றும் மறுபுத்தகத்தில் இராமன் என்றும் இருந்தால் அதற்கு வேறு விளக்கம் வேண்டும்.

இலங்கை இந்தியர் காங்கிரஸ் தொடக்கத்தில் இச்சட்டத்தைப் புறக்கணித்தது. பின்னரே விண்ணப்பிக்க முடிவு செய்தது. விண்ணப்பத்துக்குரிய இறுதி நாள் 1951 ஆகஸ்ட் 5. புறக்கணிப்பால் இழந்த மாதங்களை ஈடு செய்யத் தொழிற்சங்கக் காரியாலயங்களில் இரவு பகலாகப் படிவங்கள் நிரப்பப்பட்டன. ஏறத்தாழ 8,25,000 பேருக்காக விண்ணப்பம் செய்யப்பட்டது. 1960களின் தொடக்கத்தில் அப்பணி முடிவுற்றபோது பிரசாவுரிமை பெற்றோர் 1,34,000 அளவினரே. ஆறு பேருக்கு ஒருவர் என்பதே இதன் சாரம். புறக்கணிப்பு முடிவு சரியா தவறா என்ற விவாதம் இன்றும் உண்டு. கொள்கையளவில் அதற்கு நியாயம் இருந்தது. ஆனால் காலம் விண்ணப்பதாரரின் பக்கம் இருக்கவில்லை என்பதை அன்றைய தலைமை குறைவாக மதிப்பிட்டதென்றே நாம் கருதுகின்றோம்.

வழக்கும் தொடுக்கப்பட்டது. கேகாலை மாவட்டத்தில் வாக்காளர் இடாப்பில் சேர்க்கப்படாத கோடகன் பிள்ளை என்பவரின் கோரிக்கையை இடாப்புத் திருத்தும் அலுவலர் ஏற்றார். பதிவு அலுவலர் முதநாயக்க அதனை எதிர்த்து உயர் நீதிமன்றம் சென்றார். சோல்பரி அரசியற்றிட்டத்தின் 29 ஆம் பிரிவு, ஓரினத்தவருக்கு மட்டும் இடையூறு விளைக்கும் சட்டத்தை விலக்கியிருந்தது. ஆயினும் உயர் நீதிமன்றம் 1951 இல் அலுவலர் பக்கமே தீர்ப்பளித்தது. இலண்டனிலிருந்த கோமறைக் கழகம் 1953 இல் அதனை உறுதி செய்தது. தன் பிரசைகள் யாரென வரையறுப்பது ஒரு நாட்டின் இயல்பான அதிகாரம் என்பதும், இந்தியத் தமிழர் வந்து போகும் வழக்கமுடையோர் என்பதும் அத்தீர்ப்பிற் காணப்படும் நியாயங்கள். சிறுபான்மைக்குக் காப்பு எனப் போற்றப்பட்ட பிரிவு, அது தேவைப்பட்ட முதற்பெருஞ் சோதனையிலேயே பயன்படாது போயிற்று.

வழக்கு முடிவதற்குள் தேர்தல் வந்துவிட்டது. 1952 ஏப்ரல் 28 இல் காங்கிரஸார் கொழும்பில் பிரதம மந்திரியின் அலுவலகத்தின் முன் சத்தியாக்கிரகம் தொடங்கினர். அது 140 நாள்வரை நீடித்தது. அதனிடையே மே மாதத்தில் பொதுத்தேர்தல் நடந்தேறியது. நுவரெலியாவும் தலவாக்கலையும் கொட்டகலையும் மஸ்கெலியாவும் தொகுதிகளாக அப்படியே இருந்தன. எல்லைக்கல் எதுவும் நகரவில்லை. வாக்காளர் இடாப்பு மட்டும் முன்னையதில் ஒரு சிறு பங்காகச் சுருங்கியிருந்தது. மலையகத் தமிழர் ஒருவர்கூடத் தெரிவாகவில்லை. மதிப்பீட்டிற் பதினான்கு, 1947 இல் அதிற்பாதி, 1952 இல் சூனியம்.

மக்கள் நிறைந்த ஒரு தொகுதியில் வாக்காளர் அருகிப் போனால் என்ன நிகழும் என்பதற்கு வேற்றுநாட்டு உதாரணம் ஒன்று கூறலாம். நமது தோட்டங்கள் பலவற்றுக்குப் பெயர் தந்த ஸ்கொத்லாந்திலிருந்தே அது கிடைக்கின்றது. கல்கிரனோயாப் பக்கத்து லிடெஸ்டேல் தோட்டத்தின் பெயர் அந்நாட்டின் தென்னெல்லைப் பள்ளத்தாக்கு ஒன்றன் பெயரே. அந்நாட்டின் மேற்குக் கரையோரத் தீவுகளில் அமைந்த பியூட் என்னும் தொகுதி 1708 முதல் 1918 வரை பிரித்தானியப் பாராளுமன்றத்தில் இடம்பெற்றது. அங்கு 14,000 மக்கள் வாழ்ந்த காலத்தில் வாக்காளர் இருபத்தொருவரே. அவர்களுள்ளும் தொகுதியில் வசித்தவர் ஒருவரே. ஒரு தேர்தலில் அவர் ஒருவரே சமுகமளித்து, தாமே தலைமை வகித்து, தம் பெயரைத் தாமே கூப்பிட்டு, தாமே முன்மொழிந்து, தம்மையே ஏகமனதாகத் தெரிவு செய்தாரென்று 1831 இல் சீர்திருத்த விவாதத்தின்போது பாராளுமன்றத்திற் கூறப்பட்டது. அவையினர் நகைத்திருப்பர். 1832 ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தால் ஸ்கொத்லாந்து முழுவதிலும் 4,500 அளவில் இருந்த வாக்காளர் 65,000 அளவாகப் பெருகினர். பியூட் தொகுதியின் பெயர் 1918 இல் மறைந்தது அயல்நிலத்தோடு அது இணைக்கப்பட்டமையாலேயே. அங்கு வாக்காளர் பெருகிய பின் பெயர் மறைந்தது. நுவரெலியாவில் பெயர் நிலைத்திருக்க வாக்காளர் மறைந்தனர்.

இதனால் நட்டமடைந்தோரைப் பற்றிப் பேசுமளவுக்குப் பயனடைந்தோரைப் பற்றி எவரும் பேசுவதில்லை. மக்கள் தொகையால் வரையப்பட்ட தொகுதியில் ஒரு பகுதியினருக்கே வாக்கிருப்பின், அப்பகுதியினர் ஒவ்வொருவரின் வாக்கும் பன்மடங்கு கனம் பெறும். மலைநாட்டுத் தொகுதிகளில் சில ஆயிரம் வாக்குகளே ஓர் உறுப்பினரை அனுப்பப் போதுமாயின. மேல் மாகாணத்திலும் யாழ்ப்பாணத்திலும் அதற்குப் பன்மடங்கு வேண்டியிருந்தது. லயத்தில் வாழ்ந்தவர் தொகுதியின் எடையைக் கூட்டினார். அந்த எடையைக் கையாண்டவர் வேறொருவர்.

இம்முரண்பாட்டை அறியாமல் விட்டனர் என்று கூறுதற்கில்லை. 1954 இல் நேருவும் கொத்தலாவலையும் செய்துகொண்ட உடன்படிக்கையையொட்டி, பிரசாவுரிமை பெற்ற இந்தியருக்குப் பத்தாண்டுக்குத் தனி வாக்காளர் இடாப்பும், நிலவெல்லையற்ற தனித் தொகுதியும், அதற்கு நான்கு உறுப்பினர் வரையும் வழங்கச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்கீழ்த் தேர்தல் எதுவும் நடைபெறவில்லை. 1959 இல் அவ்வேற்பாடு நீக்கப்பட்டு, பிரசை, பிரசையல்லாதோர் என்ற வேறுபாடின்றி மொத்தச் சனத்தொகையே மீண்டும் எல்லை நிர்ணயத்துக்கு அடிப்படையாயிற்று. தெரிவுசெய்யப்படும் உறுப்பினர் தொகை 151 ஆக உயர்ந்தது. அவ்வுயர்வின் பயனும் மேற்கூறியவாறே போய்ச் சேர்ந்தது.

இக்காலத்தில் மலையகத் தமிழர் பாராளுமன்றம் புக எஞ்சிய வாயில் நியமனம் ஒன்றே. 1960 இல் தொண்டமானும், 1965 இல் தொண்டமானோடு வீ. அண்ணாமலையும், 1970 இல் ஏ. அஸீஸும் நியமன உறுப்பினராயினர். நியமன உறுப்பினர் சபையிற் பேசலாம். ஆயின் அவர் அரசாங்கத்தின் விருப்பால் வந்தவர். தொகுதியில் உள்ளோர் அவரை மாற்ற முடியாது, கேள்வி கேட்கவும் முடியாது. இதற்கிடையில் 1964 அக்டோபர் 30 இல் கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்கிட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரை 1974 இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. தலைமன்னார்க் கப்பலேறிய குடும்பங்களின் கதை தனியே எழுதப்பட வேண்டியது. இங்கு நமக்கு வேண்டியது ஒன்றே: வாக்கு இழந்தவர் தொகையும் அதனோடு குறைந்து கொண்டே சென்றது.

1972 ஆம் ஆண்டு அரசியலமைப்பு நியமன உறுப்பினர் முறையை ஒழித்தது. அதன்கீழ் 90,000 மக்களுக்கு ஓரிடம் என்ற அளவில் 1976 இல் எல்லை நிர்ணயம் நடைபெற்று, 160 தொகுதிகளில் 168 இடங்கள் வகுக்கப்பட்டன. நுவரெலியாவும் மஸ்கெலியாவும் இணைக்கப்பட்டு மூன்று உறுப்பினரைக் கொண்ட ஒரே தொகுதியாயின. நாட்டில் மூவரை அனுப்பிய மற்றொரு தொகுதி கொழும்பு மத்தி மட்டுமே. தலவாக்கலை, கொட்டகலை என்னும் பெயர்கள் அப்பட்டியலில் இல்லை. பல்லங்கத்தவர் தொகுதியின் நுட்பம் யாதெனில், வாக்காளர் ஒவ்வொருவருக்கும் மூன்று வாக்குகள் உண்டு. மூன்றையும் ஒருவருக்கே அளிக்கலாம். ஆகவே தொகுதியிற் சிறுபான்மையாய் உள்ளோரும் ஒருமுகமாக நின்றால் மூவரில் ஒருவரையேனும் பெறலாம். முப்பது ஆண்டுகளுக்கு முன் நான்கு தொகுதிகளில் பெரும்பான்மையாய் இருந்தோருக்கு, அதே நிலத்தில் சிறுபான்மைக்குரிய காப்பு வழங்கப்பட்டது என்பதே இதன் பொருள்.

1977 இன் முற்பகுதி மலைநாட்டில் அமைதியான காலமன்று. நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்டக் காணியைப் பிரித்தளிக்கும் முயற்சியைத் தொழிலாளர் எதிர்த்தனர். மே மாதத்தில் டெவன் தோட்டத்தில் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்குச் சிவனு இலட்சுமணன் பலியானார். இரு மாதங்களின் பின், ஜூலை 21 இல், வாக்களிப்பு. காமினி திசாநாயக்க முதலிடமும், அநுரா பண்டாரநாயக்க இரண்டாமிடமும், தொண்டமான் மூன்றாமிடமும் பெற்றுத் தெரிவாயினர். மூன்று வேறு கட்சிகள், மூன்று உறுப்பினர், ஒரு தொகுதி. மலையகத் தமிழர் ஒருவர் மக்கள் வாக்கால் பொதுத்தேர்தலில் வென்றது 1947 க்குப் பின் அதுவே முதன்முறை. அன்று வாக்களித்த தோட்டத் தொழிலாளர், நாடற்றோராய் எஞ்சியிருந்த தம் உறவினருக்கும் சேர்த்தே வாக்களித்தனர் எனலாம். ஒரே லயத்தில் ஒரு காம்பராவில் வாக்குச்சீட்டும் அடுத்த காம்பராவில் இந்தியக் கடவுச்சீட்டும் இருந்த காலம் அது.

மூன்று வாக்குகளையும் குவிக்கும் இம்முறை ஒரு தேர்தலோடு முடிந்தது. 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பு விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தைக் கொணர்ந்தது. 1982 இல் பொதுத்தேர்தலுக்குப் பதிலாக மக்கள் தீர்ப்பால் பாராளுமன்றத்தின் ஆயுள் நீட்டப்பட்டமையால், புதிய முறையில் முதற்பொதுத்தேர்தல் 1989 இலேயே நடந்தது. அன்று முதல் நுவரெலியா-மஸ்கெலியா உறுப்பினரை அனுப்பும் தொகுதி அன்று. நுவரெலியாத் தேர்தல் மாவட்டத்தின் வாக்கு எண்ணும் நான்கு பிரிவுகளுள் ஒன்று. கொத்மலை, அங்குராங்கெத்தை, வலப்பனை ஆகியன ஏனைய மூன்று. இதற்குச் சற்று முன்னும் பின்னுமாக நாடற்றோர் பிரச்சினையும் சட்டத்தளவில் தீர்ந்தது. 1986 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம், 1988 ஆம் ஆண்டின் 39 ஆம் இலக்கச் சட்டம், 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் ஆகியன அதற்கு வழி செய்தன. 1948 இல் ஓராண்டிற் பறிக்கப்பட்டது திரும்பி வர ஐம்பத்தைந்து ஆண்டுகள் சென்றன.

தொகுதி முறை போனதை இழப்பென்று கொள்வதா, ஆதாயமென்று கொள்வதா என்பதில் மலையகத்தாரிடையே ஒருமித்த கருத்தில்லை. சிதறி வாழ்வோருக்கு விகிதாசாரம் கை கொடுக்கும் என்பது உண்மை. நுவரெலியா மாவட்டத்தில் மட்டுமன்றி பதுளையிலும் கண்டியிலும் அண்மைக்காலத் தேர்தல்களில் மலையகத் தமிழர் தெரிவானமைக்கு அம்முறையே காரணம். தனித்தனித் தொகுதிகளாயின் அவ்விரு மாவட்டங்களிலும் வெற்றி கிட்டுதல் அரிது. ஆனால் மாவட்டம் முழுவதற்கும் பொதுவான உறுப்பினர் எட்டுப்பேர் இருக்கும்போது, உடப்புசல்லாவை மேல்மலைத் தோட்டமொன்றில் மண்சரிவுக்கு அஞ்சி வாழும் குடும்பம் தன் உறுப்பினர் எவரென்று கேட்டால் விடை கூறுதல் எளிதன்று. எட்டுப்பேரும் என்பது சட்டத்தின் விடை. அது அக்குடும்பத்துக்குப் போதாது. தொகுதி முறைக்கு ஓரளவேனும் திரும்ப வேண்டுமென்ற கோரிக்கை இதனாலேயே அவ்வப்போது எழுகின்றது. மாகாண சபைகளுக்குத் தொகுதி வகுத்த எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஆகஸ்டில் பாராளுமன்றத்தில் ஆதரவு வாக்கு ஒன்றேனும் இன்றித் தோற்கடிக்கப்பட்டது. எல்லை வரைவோர் மீதான ஐயம் சிறுபான்மையினரிடத்து எவ்வளவு ஆழமானது என்பதை 1949 ஐ அறிந்தோர் வியப்பின்றிப் புரிந்துகொள்வர்.

முற்கூறிய ஊராட்சி விடயத்துக்கு இங்கு வருவோம். பிரதேச சபைகள் தம் நிதியைத் தோட்டப்பகுதிகளிற் செலவிட இயலாதவாறு இருந்த சட்டத்தடை 2018 இல் திருத்தப்பட்டது. தோட்டம் கிராமத்துக்குப் புறம்பென்ற 1937 இன் கருத்து எண்பது ஆண்டுகளுக்குப் பின் ஏட்டிலேனும் கைவிடப்பட்டது. அதையொட்டிய காலத்திலேயே நுவரெலியா, அம்பகமுவ ஆகிய இரு பிரதேச சபைகளும் ஆறாகப் பிரிக்கப்பட்டன. புதிதாக உருவானவற்றுள் கொட்டகலை என்றொரு சபையும் மஸ்கெலியா என்றொரு சபையும் உள. பாராளுமன்றத் தொகுதிகளாய் இருந்து மறைந்த பெயர்கள் பிரதேச சபைகளாய் மீண்டும் அரசாங்க வர்த்தமானியில் ஏறின.

நுவரெலியா-மஸ்கெலியா என்னும் பெயரும் வாக்கெண்ணும் பிரிவாக இன்னும் வாழ்கின்றது. 2019 ஆம் ஆண்டுச் சனாதிபதித் தேர்தலின்போது அப்பிரிவில் பதிவுபெற்ற வாக்காளர் 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர். இலங்கையின் பிரிவுகளுள் மிகப் பெரிய இடாப்புகளுள் ஒன்று அது. 1947 இல் பெரும்பாலும் அதே நிலத்திலிருந்து நான்கு பேர் பாராளுமன்றம் சென்றனர்.